கட்டிக்குச் சத்து

ஏலக்காய் தரம் பிரிக்கும் மேசையில் கத்தரீனாள் கை வைப்பதற்குள் சூப்பர்வைசர் ரிஜின் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சேச்சீ, கழுத்தப் பாருங்க. போன மாசத்தவிடப் பெருசா இருக்கு. டிபி மாத்திரை தின்னா குறையத்தானே வேணும்?"

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடினாள். நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டி, மருந்து தொடங்கிய பிறகு எலுமிச்சை போல வீங்கி, தொட்டால் சுட்டது.

"குமுளிக்குப் போய் டாக்டரம்மாட்ட காட்டிட்டுத்தான் வாரேன், சாரே. மருந்து வேலை செய்யுதாம். கிருமி சாவும்போது ஒடம்பு அதோட மல்லுக்கட்டுதாம், அந்த வீக்கந்தானாம். கழுத்துக்கட்டி யாருக்கும் ஒட்டாதுன்னும் சொல்லிட்டாவ."

"டாக்டர் சொல்லுவாங்க. காய் வாங்க வர்றவன் உங்க கழுத்தத்தானே பார்ப்பான்? அசுகம் மாறட்டும், அப்புறம் வாங்க."

மற்ற பெண்கள் தலை நிமிராமல் காய் பொறுக்கினார்கள். அவள் எழுந்ததும், பக்கத்து இருக்கை ஜிஸ்மி தன் சாக்கை நகர்த்தி அந்த இடத்தையும் நிரப்பிக்கொண்டாள்.

எஸ்டேட்டில் வேலையாட்களுக்குக் கொடுத்திருந்த லயத்து அறையில் புருஷன் ஏசுதாஸ் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்தான். மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்ததிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. அறை அவள் பேரில்தான் இருந்தது.

"இந்தச் சத்து மாத்திரைதாம்ட்டி கோளாறு. சத்து ஒனக்கா போவுது? கட்டிக்குல்லா போவுது!"

"ஐயோ, அது கை கால் மரத்துப்போவாம இருக்கக் குடுக்குற வைட்டமினுங்க. கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாவ."

"எல்லாத்தையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு. வத்துனா வேலையாவது கெடைக்கும்."

"நிறுத்துனா செத்துருவேன். நிறுத்தலன்னா வேலை கெடையாது. எத நிறுத்த? நீங்களே சொல்லுங்க!"

அவள் அட்டையைப் பிடுங்கி, அன்றைய மாத்திரைகளை அவன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

மறுநாள் மறுபடி மலையிறங்கிக் குமுளிக்குப் போய், டாக்டரம்மாவையே மேனேஜருக்குப் போன் போட வைத்தாள். டாக்டரம்மா சலிக்காமல் எல்லாவற்றையும் விளக்கினாள். அந்தப் பக்கம், "சரி மேடம், வேண்டியதச் செய்யுறோம்" என்று மரியாதையாகக் கேட்டது. திரும்பும் வழியில், வேலைக்குச் சேலைமேல் போட்டுப்போகும் சட்டையைத் துவைக்க சோப்பு வாங்கினாள்.

சட்டை காய்ந்து மடித்த பிறகும் கூப்பிட ஆள் வரவில்லை. வாரக் கடைசியில் ரிஜினின் பைக் லயத்து முன்னால் வந்து நின்றது. அவள் ஓடி வெளியே வந்தாள். ரிஜின் இறங்காமலே ஒரு பெரிய பாட்டிலை நீட்டினான்.

"மேனேஜர் குடுத்தனுப்பினாரு. விலை கூடின வைட்டமின் டானிக்."

"வேலைக்கு எப்ப வரச் சொன்னாரு, சாரே?"

"கட்டி குறையட்டும்னாரு." அவன் பைக்கைத் திருப்பினான். "விடாமக் குடிங்க சேச்சீ. நல்லா பசி எடுக்கும்."

உள்ளே ஏசுதாஸ் அரிசி டப்பாவைக் கவிழ்த்து, அடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.