சாம்பல் நிறப் புள்ளி

மண்கண் என்பது ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம், திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். மலைச்சரிவிலும் அணைக்கரையிலும் புதைத்து வைத்த சென்சார்கள் அனுப்பும் எண்களை வாங்கி, வரைபடத்தின்மேல் வண்ணப் புள்ளிகளாகக் காட்டுவது அதன் வேலை. பச்சை என்றால் மண் அசையவில்லை. மஞ்சள் என்றால் கொஞ்சம் நகர்கிறது. சிவப்பு என்றால் கீழே இருப்பவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். இதை எழுதியவர்கள் ஓர் அக்காவும் தம்பியும்.

தம்பி மண்ணியல் படித்தவன். மலை ஏறச் சொன்னால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவான். அக்காவுக்கு நாற்காலிதான் மலை. தம்பி பொதுவில் எழுதும் எல்லாச் செய்திகளையும் 'அக்கா' என்றே ஆரம்பிப்பான். கண்காணாத தேசங்களிலிருந்து உதவிக்கு வந்து சேர்ந்தவர்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். தலை நரைத்த பேராசிரியர்கள்கூட 'அன்புள்ள அக்கா' என்று எழுதினார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை. ஓசியில் கிடைத்த தம்பிகள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிரிப்பாள். சொந்தத் தம்பி இருந்தவரை அந்தச் சிரிப்பும் இருந்தது.

போன மழைக்காலத்தில் அவன் போனான். விடாமல் மழை பெய்துகொண்டிருந்த வாரம். சாலைக்கு மேலே இருந்த சரிவில் அவர்கள் புதைத்திருந்த சென்சார்களில் ஒன்று திரையில் சாம்பல் நிறமாகிவிட்டது. சாம்பல் என்றால் சென்சார் பழுது, அது சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று அர்த்தம். தம்பி போன் செய்தான்.

"அக்கா, மேல் சரிவுல ஒண்ணு சாம்பலாயிடுச்சு. பேட்டரிதான் போயிருக்கும். ஒரு நடை போய் மாத்திட்டு வந்துடறேன்."

"சாப்பிட்டுட்டுப் போடா," என்றாள் அக்கா.

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. சரிவு மொத்தமாக இறங்கியபோது அவன் அதன் மேலேயே நின்றிருந்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா அந்தச் சென்சார் அனுப்பிய மூல எண்களைத் திறந்து பார்த்தாள். பேட்டரிக்கு ஒன்றுமே ஆகவில்லை. கடைசி நிமிடம்வரை அது தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. மண் விரற்கடை அளவு நகர்ந்தது, பிறகு சாண் அளவு, பிறகு முழ அளவு. ஆனால் மண்கண்ணுக்குள் ஓர் எல்லை இருந்தது. அதற்குமேல் ஓர் எண் வந்தால், இவ்வளவு வேகமாக மண் நகராது, இது சென்சாரின் கோளாறு என்று முடிவுகட்டி, புள்ளியைச் சாம்பலாக்கி, அபாய மணியையும் அடக்கிவிடும். காற்றில் ஆடும் கம்பி, மேலே ஏறி நிற்கும் ஆடு எல்லாம் பொய் எண்களை அனுப்பும் என்பதால் வைத்த எல்லை. ஆட்டுக்காக வைத்தது மலையின் வாயையும் அடைத்துவிட்டது.

அந்த எல்லையை எழுதியவன் தம்பிதான். ஆனால் இது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நிரல் எழுதுபவர்களின் உலகத்தில், ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயர்தான் அந்த வரிக்கு எதிரே நிற்கும். தம்பி எழுதும் வரிகள் குடித்தவன் நடை மாதிரி கோணலாகப் போகும். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் அக்கா கோப்பு முழுவதையும் இழுத்து நேராக அடுக்கினாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, இடைவெளிகளைத்தான் சரிசெய்தாள். அன்றிலிருந்து எல்லா வரிக்கும் எதிரே அவள் பெயர் ஏறிவிட்டது. இன்னும் ஓர் அடுக்கு தோண்டினால் தம்பியின் பெயர் கிடைக்கும். யார் மெனக்கெட்டுத் தோண்டப் போகிறார்கள்?

அவனை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது தம்பி மனைவி எல்லார் முன்னாலும் கேட்டாள், "உங்க கம்ப்யூட்டர் ஏன் அண்ணி சொல்லல?" அதற்கப்புறம் தம்பி மனைவி அக்காவோடு பேசவில்லை. அத்தை அத்தை என்று காலைக் கட்டிக்கொள்ளும் தம்பி மகளையும் அனுப்பவில்லை. உறவினர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா மண்கண் வேலையை மூடிவைத்தாள். வரும் மெயில்களைப் படிப்பதில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள், ஒரு சுரங்கப் பொறியாளர் விடவில்லை. மண்கண்ணில் நெடுநாளாக உதவிவரும் மனிதர். அவருடைய சுரங்கத்தில் கழிவு மண்ணை ஒரு குன்றாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதன் அடிவாரத்தில் தொழிலாளர் குடியிருப்பு. குன்றின் மேல் இரண்டு புள்ளிகள் சாம்பலாகியிருக்கின்றன. பழுது என்று சும்மா இருக்காமல், மனசு கேட்காமல் போய்ப் பார்த்திருக்கிறார். ஆள் இறங்கும் அளவுக்கு வெடிப்பு. எல்லோரையும் அப்புறப்படுத்திவிட்டு, அக்கா திறந்து படிக்கும்வரை திரும்பத் திரும்ப எழுதினார். அன்புள்ள அக்கா, சாம்பல் நிறத்தை நம்பி இன்னும் எத்தனை பேர் எந்தெந்த மலையின் கீழ் தூங்குகிறார்களோ, உடனே ஏதாவது செய்யுங்கள் என்று.

அக்கா அன்றைக்கே உட்கார்ந்தாள். எல்லையை எடுத்துவிட்டு, அளவு மீறிய எண் வந்தால் சிவப்பே காட்டி மணி அடிக்கும்படி மாற்றுவது ஒரு காலைப்பொழுது வேலை. கஷ்டம் அதற்குப் பின்னால் இருந்தது. மண்கண்ணில் எந்த மாற்றத்தையும் ஏற்றுவதற்கு முன் 'ஏன்' என்று ஒரு கட்டம் வரும். அதில் காரணத்தை முழுசாக எழுத வேண்டும், எழுதியதை எல்லோரும் படிப்பார்கள், பிறகு யாராலும் அழிக்க முடியாது. சும்மா 'சிறு திருத்தம்' என்று எழுதித் தள்ளலாம். தள்ளினால் யாரும் புதிய பதிப்பை எடுக்க மாட்டார்கள். பழையதே நன்றாக ஓடுகிறதே என்று இருந்துவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் அலறியடித்துக்கொண்டு மாற்றுவார்கள்.

சொன்னால், யார் செய்தது என்றும் சொல்ல வேண்டும். அவள் உண்மையைத்தான் முதலில் எழுதினாள். இந்த எல்லையை வைத்தவன் என் தம்பி, அதனாலேயே அவன் இறந்தான் என்று எழுதி, படித்துப் பார்த்தாள். இந்த வாக்கியம் ஆயிரம் கணினிகளுக்குப் போகும். நாளைக்கு அவன் மகள் படிப்பாள். அவன் மனைவி படிப்பாள். புருஷன் தன் கையாலேயே தன் வழியை அடைத்துக்கொண்டான் என்று தெரிந்தபின் அந்தப் பெண் யாரைத் திட்டி மனசை ஆற்றிக்கொள்வாள்? இப்போது அக்காவைத் திட்டுகிறாளா, திட்டிக்கொண்டு போகட்டும். அதோடு, தம்பி எழுதியதைச் சரிபார்க்க வேண்டியவள் அக்காதானே? அவன் எழுதியது என்றால் பாதிக் கண்ணால்தான் பார்ப்பாள். செல்லம்.

முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். இந்த எல்லையை வைத்தது நான். மலைக்கே போகாதவள், மண் இதற்குமேல் நகராது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி முடிவு செய்தேன். அதை நம்பிப் போன என் தம்பி இறந்துவிட்டான். சாம்பல் நிறத்தை நம்பாதீர்கள். சுரங்கப் பொறியாளர் அதற்கு ஒப்புதல் கொடுத்தார், உலகமெங்கும் மண்கண் புதுப்பிக்கப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம், தவறை ஒப்புக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பாராட்டி எழுதினார்கள். அக்கா அன்று வாய்விட்டு அழுதாள். தம்பியின் பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அந்த அழுகையில் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. தம்பியின் பிள்ளை இனி இந்த வாசலுக்கு வரவே வராது என்பதும் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவு தட்டப்பட்டது. தம்பி மனைவி நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கையில் தம்பியின் போன். அதை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள், அவனுக்கு வரும் செய்திகள் இன்னும் அதில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. திட்ட வந்திருக்கிறாள் என்று அக்கா தயாராக நின்றாள். அவள் உள்ளே வந்து, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"இதுல நீங்க எழுதியிருக்கறது பொய்தானே அண்ணி?"

அக்கா திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"அதை அவர்தான் எழுதினார். எழுதறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்."

போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே அவள் சொல்லிக்கொண்டு போனாள். குழந்தை பிறந்த புதிது. காற்றடித்தாலும் ஆடு மேய்ந்தாலும் இந்தப் போன் கத்தும். அது கத்தினால் குழந்தை கத்தும். வாரக்கணக்கில் தூக்கமில்லை.

"நான்தான் அண்ணி சொன்னேன். ஒண்ணு இந்தப் போனைத் தூக்கிப் போடுங்க, இல்லேன்னா அது கத்தாம பண்ணுங்கன்னு. அன்னைக்கே உக்காந்து பண்ணிட்டார். இனிமே நிம்மதியா தூங்குன்னார்."

அக்கா அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் நாளே தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் உங்களைக் கேட்டேன். நீங்கதான்னு மனசுக்குள்ள திட்டிட்டே இருந்தா, கொஞ்ச நேரமாவது கண்ணை மூட முடிஞ்சுது. நீங்க பாட்டுக்கு நான்தான்னு எழுதிட்டீங்க. இனிமே உங்களை எப்படித் திட்டுவேன்?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்தது மனசார வந்தது, அதில் துளிப் பொய் இல்லை.

"உன்னால இல்லடி. சத்தியமா உன்னால இல்ல. பச்சைப் பிள்ளையை வெச்சிருக்கற எவளும் அதைத்தான் கேட்டிருப்பா."

தம்பி மனைவி முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ தேடுகிறவள் போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"அதுலயும் இப்படி மனசாரத்தானே அண்ணி எழுதியிருந்தீங்க," என்றாள். "உலகமே நம்பிடுச்சு."