ஐந்து கறுப்புக் கட்டைகள்

எடமலைப்பட்டி புதூர் பெரியண்ணனுக்குக் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பதுதான் பிழைப்பு. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால், "அண்ணே, அரைக்கட்டை இறக்குங்க" என்பார். பெரியண்ணன் ஒரு பட்டனை அழுத்துவார். சுருதி இறங்கிவிடும், விரல்கள் எப்போதும்போல வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடும். இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. பாடுகிறவர் வரியை மறந்து தடுமாறினால், தான்தான் தவறவிட்டதுபோல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து ஒரு கும்பிடு போடுவார். பழி அவர்மேல் போய்விடும், பாட்டு தப்பிக்கும்.

அந்தப் பட்டன்தான் அவர் மகள் இளவேனிலின் மானத்தை வாங்கியது. வாங்கியது பட்டனா, அவள் நாக்கா என்று நீங்களே சொல்லுங்கள்.

இளவேனில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஜெஸிமா மிஸ்ஸிடம் ஆறு வருஷமாகப் பியானோ படிக்கிறாள். சென்னையில் ஓர் இசைப்பள்ளிக்கு மிஸ் தன் மாணவர்களில் ஒருவர் பெயரை மட்டும் அனுப்பலாம். இவள் பெயரா, அல்ஃபியா பெயரா என்று பேச்சு. அதற்காக மிஸ் இவளுக்குக் கொடுத்தது, இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு போலந்துக்காரர் எழுதிய இரவு இசை. ஐந்து ஃபிளாட், அதாவது ஐந்து கறுப்புக் கட்டைகளும் ஓயாமல் வேண்டும். இடது கை முழம் முழமாகத் தாவும். வலது கை அதைக் கண்டுகொள்ளாமல் மேலே பாட வேண்டும்.

பாடம் கொடுத்த கையோடு மிஸ் பிரசவத்துக்குப் போய்விட்டார். நான்கு மாதம் வாட்ஸ்அப்பில்தான் வகுப்பு. இவள் வாசித்த ஆடியோவைக் கேட்டு அவர் திருத்துவார்.

இரண்டு வாரம் முட்டி மோதினாள். மூன்றாவது வாரம் அப்பாவின் பட்டனை அழுத்திச் சுருதியை அரைக்கட்டை ஏற்றிவிட்டு, முழுவதையும் வெள்ளைக் கட்டைகளில் வாசித்தாள். காதுக்கு ஐந்து ஃபிளாட், விரலுக்கு ஒன்றுமில்லை.

பெரியண்ணன் பார்த்துவிட்டார். "பாப்பா, இது எங்க பொழப்புக்குச் சரி. உனக்கு வேணாம். பியானோவுல இந்த பட்டன் கிடையாதும்மா."

"சும்மா பழகறதுக்குத்தான்ப்பா. அப்புறம் மாத்திக்குவேன்."

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. "இவ்வளவு சீக்கிரம் பிடிச்சிட்டியே!" என்று மிஸ் அனுப்பிய குரலைப் பத்துத் தடவை கேட்டாள். பாராட்டு வாயில் போட்ட வெல்லம், துப்ப மனம் வருமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டர் வீட்டு மாடி ஹால். அங்கே பெரிய பியானோ இருந்தது. மாணவர்கள் வாசிக்க, பெற்றோர் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில்.

இளவேனில் கறுப்புக் கட்டைகளின்மேல் கை வைத்தாள். விரல்களுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. சுருதி அரைக்கட்டை இறங்கிக் கேட்கும், அவ்வளவுதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று வெள்ளைக்கு நகர்ந்தாள். பிசிறில்லாமல் வாசித்து முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தோளில் குழந்தையுடன் நின்ற ஜெஸிமா மிஸ் மட்டும் தட்டவில்லை.

கூட்டம் காபிக்கு நகர்ந்ததும் மிஸ் பக்கத்தில் வந்தார். "எழுதினவருக்கு வெள்ளைக் கட்டை தெரியாதா, இளவேனில்? கறுப்புல விரல் படுத்துத் தடவினாத்தான் அந்தச் சத்தம் வரும். நீ குத்திக்கிட்டே வந்தே. எனக்கு அனுப்பினதெல்லாம்கூட இப்படித்தானா?"

பெரியண்ணன் பின்னால் வந்து நின்றதை அவள் பார்த்தாள். பார்த்தும் சொன்னாள். "அப்பாதான் மிஸ் இப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க. கச்சேரியில அப்படித்தான் வாசிப்பாங்க."

பெரியண்ணன் ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு சிரித்து, கைகூப்பினார். "ஆமாங்க மிஸ். தப்பு என்னோடதுதாங்க."

மேடையில் யார் யாருக்காகவோ போட்ட அதே கும்பிடு. இளவேனிலுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இனிமே பிள்ளைக்கு நீங்க எதுவும் சொல்லித் தராதீங்க" என்றார் மிஸ், காபி கொண்டுவந்தவர்கள் காதிலும் விழும்படி. "இளவேனில், ஒரு மாசம் டைம் தரேன். ஒழுங்கா படிச்சிட்டு வா. உன் பேரையே அனுப்பலாம்."

"சரிங்க மிஸ்" என்று பெரியண்ணன் தலையாட்டினார். மகள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சென்னை போய்விடுமே.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு விட்டு உட்கார்ந்தார். "மத்தியானம் பிரியாணி வாங்கிக்கலாமா பாப்பா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது அவளால் முடியவில்லை. போனை எடுத்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே பேசினாள். "மிஸ், அப்பா சொல்லித் தரல. வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல. அங்க சொன்னது பொய், மிஸ்." அனுப்பிவிட்டாள்.

"அதை ஏன் சொன்னே?" என்று பதறினார் பெரியண்ணன். "என்னைத் தப்பா நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க. அவங்க என்ன நமக்குப் பொண்ணா குடுக்கப் போறாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் பதில் வந்தது: 'சொன்னது நல்லது. இந்த வருஷம் அல்ஃபியா பேரை அனுப்பறேன். சனிக்கிழமை வகுப்புக்கு வா.' அதை அப்படியே அவரிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, அவளைவிட அதிகமாக வாடிப்போனார்.

"நான் பேசிப் பார்க்கட்டுமா? மிஸ்கிட்ட இன்னொரு தடவை..."

கை கூப்பத் தயாராகவே இருந்தது. அந்தக் கையை இளவேனில் பிடித்து மடியில் அழுத்தி வைத்தாள்.

"எனக்காக அந்தக் கும்பிடு போடாதீங்கப்பா" என்றாள், அழுதுகொண்டே. "இனிமே போடாதீங்க."