என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க

பேட்டரி நிலையம் வருவது என்று முடிவாகிவிட்டது. எங்கே வருகிறது, எத்தனை பெட்டிகள், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் மேலிடத்திலேயே முடிவாகிவிட்டது. ஊர்மன்றத்துக்கென்று ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்திருந்தார்கள். பெட்டிகளுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று மன்றம் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்காரர் இதைப் பரிசுப் பொட்டலம் நீட்டுகிறவர் முகத்தோடு சொன்னார். காற்றாலையிலும் சோலாரிலும் கிடைக்கிற கரண்டைச் சேமித்து வைக்கும் பெட்டிகள் அவை. ஒவ்வொன்றும் லாரியில் ஏற்றுகிற கன்டெய்னர் அளவு இருக்கும்.

மன்றக் கூட்டம் நடக்கிற அறையில்தான் செவ்வாய்க்கிழமைகளில் கைக்குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள். மேஜையில் இடம் இல்லாததால் கம்பெனிக்காரர் தன் லேப்டாப்பைக் குழந்தைத் தராசின்மேல் வைத்திருந்தார். முள் சிவப்புக் கட்டத்தில் நின்றது. பிள்ளைக்கு எடை போதாது என்று அர்த்தம்.

"வேண்டாம்னு சொல்ல முடியாதா தம்பி?" என்று கேட்டாள் தலைவரம்மா.

"அதுக்கு வழி இல்லீங்க மேடம். என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க."

தலைவரம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மன்றத் தலைவர் பதவிக்கு வேறு ஆள் நிற்காததால் தலைவரானவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கழுவி நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு கூட்டத்துக்கு வந்து உட்காருவாள். அவளைத் தவிர மன்றத்தில் நாலு பேர். பெயின்ட் கடைக்காரர், கோழிப்பண்ணைக்காரர், டெய்லரம்மா, தபால்காரர். இதில் தபால்காரருக்கு, கடைசியாக யார் பேசினாலும் அது சரியென்று படும்.

"எதிர்ப்புன்னா கருப்புதானே? கருப்பு அடிக்கச் சொல்லுங்க," என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

"கருப்பு அடிச்சா வெயில்ல உள்ள சூடேறிடும் சார். பேட்டரிக்கு ஆகாது."

"எங்களுக்குந்தான் ஆகாது. அதைக் கேட்டீங்களா?"

கம்பெனிக்காரர் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அதில் நாலு சின்னச் சதுரங்கள் இருந்தன. வனப்பச்சை, மேகச் சாம்பல், வயல் மண், வானம்.

பெயின்ட் கடைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் பேச்சுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"வானம்னு பேர் வச்சிட்டா வானம் ஆயிடுமா? இது பாத்ரூம் டைல்ஸ் கலரு."

"பச்சை நல்லாத்தானே இருக்கு," என்றாள் டெய்லரம்மா. "செடிகொடியோட சேர்ந்துக்கும்."

"என்னம்மா பேசறீங்க? பச்சைன்னு சொன்னா நாம பச்சைக்கொடி காட்டுன மாதிரி ஆயிடும்," என்றார் கோழிப்பண்ணைக்காரர். "நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரன் கேப்பான், நீங்கதானய்யா பச்சைன்னு சொன்னீங்கன்னு. அப்ப மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

இது எல்லோரையும் யோசிக்க வைத்தது.

"அது வெறும் பெயின்ட்தானே சார்," என்றார் கம்பெனிக்காரர்.

"வெறும்னு சொல்லாதீங்க," என்றார் பெயின்ட் கடைக்காரர்.

கூட்டம் ஒரு முடிவும் இல்லாமல் கலைந்தது. வாசலில் கம்பெனிக்காரர் தலைவரம்மாவைத் தனியாகப் பிடித்தார். "சீக்கிரம் சொல்லிடுங்க மேடம். மன்றம் கலரைச் சொன்னா மறுநாளே தோண்ட ஆரம்பிச்சிடுவோம். இது ஒண்ணுக்காகத்தான் எல்லாம் நிக்குது."

"முடிவாகலன்னா?"

கம்பெனிக்காரர் சிரித்தார். "கலர்தானே மேடம்."

அவர் இந்த ஊருக்குப் புதுசு.

தலைவரம்மாவின் வீட்டில் முன்பக்கம் அவள், பின்பக்கம் அவளுடைய அக்கா. அக்காவின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தரிசு நிலம். பெட்டிகள் வரப்போவது அங்கேதான்.

அக்கா கல்யாணமாகிப் போனவள், புருஷனுக்கு மாற்றலாகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே அலைந்தவள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, போன வருஷம்தான் ஒரு சூட்கேஸோடு வந்து பின்பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். அதுவரை தலைவரம்மா அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு கழுவும் வேலை மிச்சம். அக்கா வந்த அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டு, "மாடு கூட உக்காந்துதான்டி அசைபோடுது" என்றாள். அதிலிருந்து இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரும்பாலும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். தலைவரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதை அக்காவிடம் வாய்விட்டுச் சொல்வதற்குப் பதில் அவள் பஸ்ஸை ரிவர்ஸிலேயே பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டிவிடுவாள்.

"என்னடி சொன்னான் அந்தப் பய?"

"கலர் கேக்குறான்."

"எதுக்கு?"

"பெட்டிக்கு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் வாசல்ல குப்பையைக் கொட்டுவானாம், கூடை மட்டும் எனக்குப் பிடிச்ச கலர்ல கொண்டு வருவானாம். நல்லா இருக்குடி உங்க மன்றம். இதைச் சொல்றதுக்கா அஞ்சு பேரு?"

"எங்க கையில என்னக்கா இருக்கு?"

"உன் கையில ஸ்டியரிங்கு இருக்கு, வேற என்ன இருக்கு? இங்க பாரு. அந்த இழவு இங்க வந்துச்சுன்னா நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

மகள் வீடு மாடியில் இருக்கிறது. மருமகன் டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பவன். அங்கே போனால் அக்காவுக்கு மூன்றாம் நாளே தலைவலி வந்துவிடும். ஆனாலும் சொன்னால் போய்விடுவாள். ஒருமுறை ஏதோ கோபத்தில், இனிமேல் உன் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றாள். அன்றிலிருந்து கடைக்கு நடந்தே போகிறாள்.

தட்டுகளைக் கழுவும்போது தலைவரம்மாவுக்கு அந்த வார்த்தை திரும்ப வந்தது. கலர்தானே மேடம். நிறம் முடிவானால் தோண்டுவார்கள். முடிவாகாவிட்டால் தோண்டமாட்டார்கள். இதற்காக அவள் யாரையும் தூண்டிவிட வேண்டியதில்லை, ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மன்றத்தை அதன் போக்கில் பேசவிட்டால் போதும்.

மன்றம் பேசியது.

அடுத்த கூட்டத்தில் கோழிப்பண்ணைக்காரர், கோழிகளுக்கு நிறம் தெரியும் என்றார். நீலம் கண்ணில் பட்டால் முட்டை போடாது என்றார்.

"அது எப்படிங்க தெரியும்?" என்றாள் டெய்லரம்மா.

"என் பொண்டாட்டி நீலப் புடவை கட்டிட்டுத் தீனி வைக்கப் போனா. அன்னிக்கு முட்டை பாதியாக் குறைஞ்சுபோச்சு."

"அது புடவையால இருக்காது," என்றார் தபால்காரர்.

அவர் மன்றத்தில் சொந்தமாகச் சொன்ன முதல் கருத்து அது. கோழிப்பண்ணைக்காரர் வெளிநடப்புச் செய்தார். அவரைச் சமாதானம் செய்து கூட்டிவருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அதற்கடுத்த கூட்டத்தில் வானத்தையும் பச்சையையும் தள்ளிவிட்டார்கள். பாக்கி இரண்டு. நல்லவேளையாகப் பெயின்ட் கடைக்காரர் எழுந்தார்.

"அட்டையில பாக்குற கலர் வேற, செவுத்துல வர்ற கலர் வேற. என் கடைக்கு வர்றவங்க எல்லாம் இப்படித்தான். அட்டையப் பாத்து வாங்கிட்டுப் போவாங்க, அடிச்ச பிறகு வந்து என் சட்டையைப் பிடிப்பாங்க. ஆளுயரத்துக்குத் தகடு வேணும். அந்த எடத்துலயே நட்டு வைக்கணும். வெயில்லயும் பாக்கணும், மழையிலயும் பாக்கணும்."

"மழையா?" என்றார் கம்பெனிக்காரர். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"வரும்," என்றார் பெயின்ட் கடைக்காரர்.

தலைவரம்மா அதை வழிமொழிந்தாள். கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

தகடுகள் வந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தள்ளிவிட்ட இரண்டையும் சேர்த்து நாலாகவே கேட்டு வாங்கினார்கள். கம்பெனி ஆட்கள் அவற்றைத் தரிசு நிலத்தில், அக்காவின் ஜன்னலுக்கு நேர் எதிரே, வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். பிறகு ஊரே மழைக்குக் காத்திருந்தது. மழை வந்தது. மழையில் பார்த்தாகிவிட்டது என்று பார்த்தால், டெய்லரம்மா பனியில் பார்க்க வேண்டாமா என்றாள். தலைவரம்மா அதையும் வழிமொழிந்தாள். முதலில் பளபளக்கிற ஷூவோடு வந்த கம்பெனிக்காரர் இப்போது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடையில் அவருக்குச் சர்க்கரை கம்மி என்று சொல்லாமலே தெரிந்திருந்தது.

வீட்டில் அக்கா மகள் வீட்டைப் பற்றிப் பேசுவதை விட்டிருந்தாள். தகடுகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த நீலத்து மேல காக்கா எச்சம் போட்டிருக்குடி. நல்லா வேணும்."

"சரிக்கா."

"பச்சை வெளுத்துப்போச்சு பாத்தியா? அடிச்சு கொஞ்ச நாள்கூட ஆகல, அதுக்குள்ள சாயம் போயிடுச்சு. கம்பெனியே அப்படித்தான்."

"ம்."

தலைவரம்மா இதையெல்லாம் வசவு என்றே எடுத்துக்கொண்டாள். அக்கா காய் நறுக்குகிற முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டதையும் அவள் பெரிதாக நினைக்கவில்லை.

பனியும் முடிந்தது. அடுத்த கூட்டத்துக்குக் கம்பெனிக்காரர் லேப்டாப்பே கொண்டுவரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மேடம், கெஞ்சிக் கேக்குறேன். சாம்பலா, மண்ணா? இன்னிக்கு ஓட்டெடுத்துடுங்க. எங்க ஆபீஸ்ல என்னைப் பாத்து சிரிக்கிறாங்க."

மன்றத்தில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு பாசம் வந்திருந்தது. "பாவம், எடுத்துடலாம்," என்றாள் டெய்லரம்மா.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். இதற்கு முன்னால் அவள் மன்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. யாரும் நாற்காலி போடுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க எல்லாம் எப்பவாவது வந்து பாத்துட்டுப் போறீங்க. நான் பொழுது விடிஞ்சா அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன். அந்தச் சாம்பல் இருக்கே, வெயில்ல கண்ணைக் குத்துது. மழையில பாத்தா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. மண் கலரு அப்படி இல்ல. சாயந்திரம் ஆச்சுன்னா அங்க ஒண்ணு நிக்குதுன்னே தெரியாது. நேத்து ஒரு மாடு நேரா போய் முட்டிக்கிச்சு."

"மாட்டுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

"திட்டிட்டுப் போச்சு. மண் கலரே அடிக்கச் சொல்லுங்க."

இத்தனை மாசமாக யாருக்காகத் தலைவரம்மா இழுத்துக்கொண்டு வந்தாளோ, அவளே வந்து கயிற்றை அறுத்துவிட்டாள்.

ஓட்டெடுத்தார்கள். பெயின்ட் கடைக்காரரும் கோழிப்பண்ணைக்காரரும் சாம்பல். டெய்லரம்மா மண். தபால்காரருக்குக் கடைசியாகப் பேசியது அக்கா என்பதால் அவரும் மண். இரண்டுக்கு இரண்டு. இனி தலைவரம்மா கை தூக்குவதுதான் பாக்கி. எந்தப் பக்கம் தூக்கினாலும் நாளைக்குத் தோண்டுவார்கள். தூக்காவிட்டால் இன்னொரு கூட்டம்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் அக்காவைப் பார்த்தாள்.

"நான் ஓட்டுப் போட்டா பெட்டி வந்துடும்."

"தெரியுது. போடு."

"நீ போயிடுவியா, இருப்பியா? அதைச் சொல்லு. அப்புறம் போடுறேன்."

கம்பெனிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், இது இன்னிக்குப் பேச வேண்டிய விஷயத்துல..."

"நீங்க சும்மா இருங்க தம்பி," என்றாள் டெய்லரம்மா.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "இது மன்றத்துல கேக்குற கேள்வியாடி?"

"எனக்கு வேற எங்க கேக்குறதுன்னு தெரியல."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?"

"இருக்கலாம். நீ போயிட்டேன்னா நான் மறுபடியும் நின்னுக்கிட்டே சாப்பிட ஆரம்பிச்சிடுவேன்."

மற்றவர்களுக்கு இது புரியவில்லை. ஆனால் இதில் விளக்கம் கேட்கக்கூடாது என்பது மட்டும் புரிந்தது. தபால்காரர் சுவரில் ஒட்டியிருந்த குழந்தை எடை அட்டவணையை உன்னிப்பாகப் படித்தார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல், தராசைப் பார்த்துச் சொன்னாள். "இவனுங்க மண் கலர்னு சொல்லிட்டு வேற எதையாவது அடிச்சு வைப்பானுங்க. பக்கத்துல ஒரு ஆள் இருந்து பாக்க வேண்டாமா?"

"அப்படின்னா இருக்கீங்கன்னுதானே அர்த்தம்?" என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

"பின்ன என்ன அர்த்தம்?" என்று அவர்மேல் பாய்ந்தாள் அக்கா.

தலைவரம்மா கையைத் தூக்கினாள். மண் ஜெயித்தது. கம்பெனிக்காரர் அப்படியே பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெயின்ட் கடைக்காரர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, இரண்டு கோட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஒரு கோட்டோடு விட்டால் பல்லை இளித்துவிடும் என்றார்.

வீட்டுக்கு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். பாதி வழியில் அக்கா நின்றாள்.

"ஊரு முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே. இதை வீட்டுலயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அக்கா யோசித்தாள்.

"போறேன்னுதான் சொல்லியிருப்பேன்."