காப்பு அவிழும்வரை

அம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள்தான் பிரேமினியின் கண்ணில் அந்தக் குளவிக்கூடு பட்டது. தேர் போகும் பாதையில், தோட்டத்தின் கீழ் டிவிசனுக்குத் திரும்பும் வளைவில், சவுக்கு மரக் கிளையில் கரிப்பானைபோல் தொங்கியது. போன வருடம் தேயிலைக் கொழுந்து எடுக்கையில் குளவி கொட்டி, பிழைப்பாளா என்று கிடந்தவள் அவள். பிழைத்தாள். அந்த வேண்டுதலுக்காகத்தான் இந்தத் திருவிழாவில் அவள் புருஷன் ஜீவராஜ் கரகம் எடுக்கிறான்.

நேரே கோயில் தலைவர் சண்முகராஜாவிடம் ஓடினாள்.

"பந்தத்தக் கொளுத்தி அந்தக் கூட்ட எரிச்சிருங்க தலைவரே."

"காப்புக் கட்டுன பொறவு ஒரு உசுரயும் கொல்லக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு? காப்பு அவுத்ததும் மொத வேல அதுதான்."

"அப்ப வேற பாதையில தேரக் கொண்டு போங்க."

"வேற பாதைக்கு எங்க போறது? தொரை பங்களாவுக்குள்ளயா? அந்த வளைவுல வெடி போட மாட்டோம், தப்பு அடிக்க மாட்டோம். போதுமா?"

அங்கே நின்ற ஜீவராஜ் சிரித்தான். "ஒன்னயவே ஒன்னும் பண்ண முடியல அதுகளால. என்னய என்ன பண்ணும் புள்ள?"

தேர் நாளன்று தலைவர் வாக்குத் தவறவில்லை. வளைவு நெருங்கியதும் தப்பு ஓய்ந்தது. மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புக் கயிறும் தலையில் பூங்கரகமுமாக ஜீவராஜ் முன்னால் நடந்தான். கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பிரேமினி பின்னால் வந்தாள்.

ஆனால், தேரை எதிர்கொண்டு அழைக்க வரும் கீழ் டிவிசன்காரர்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. தேரைக் கண்டதும் வழக்கம்போல் அவர்கள் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

மரமே இரைந்தது. கூட்டம் விழுந்தடித்துத் தேயிலைக்குள் சிதறியது. கோயிலுக்குத் திரும்பும்வரை கரகம் மண்ணைத் தொடக் கூடாது. இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி ஜீவராஜ் அப்படியே நின்றான். முகம் தெரியவில்லை. குளவிதான் தெரிந்தது.

"கீழ போட்டுட்டு ஓடியாங்க!"

"கிட்ட வராத... ஒனக்கு நேந்தது புள்ள..."

பிரேமினி பாய்ந்து கரகத்தைத் தட்டிவிட்டாள். குடம் உருண்டு தண்ணீர் மண்ணில் ஓடியது. அவனைக் கீழே தள்ளி, சேலையால் மூடி, மேலே கவிழ்ந்து படுத்தாள்.

கொழுந்து லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இறம்பொடை தாண்டும்போதே அவன் உயிர் போய்விட்டது.

சடலம் லயத்து வீட்டுக்கு வந்தபோது, வீங்கிப்போன அவள் காதிலும் அந்தப் பேச்சு விழுந்தது. கரகத்தைத் தட்டிவிட்டாளாம், அதுதான் ஆளைக் கொண்டுபோய்விட்டதாம்.

தலைவரும் வந்து நின்றார். "நீ அதத் தள்ளியிருக்கக் கூடாதும்மா. அம்மன் பொறுக்க மாட்டா."

ஜீவராஜின் மணிக்கட்டு வீக்கத்துக்குள் காப்புக் கயிறு புதைந்து கிடந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் நுனியை மெல்ல நுழைத்து பிரேமினி அதை அறுத்தாள். அதில் கட்டியிருந்த மஞ்சள் துண்டோடு எடுத்துத் தலைவரின் கையில் வைத்தாள்.

"காப்பு அவுத்தாச்சு தலைவரே. இப்பக் கொளுத்தலாங்களா?"