ஐந்து மணிக்கு எழுப்பியவர்கள்

லிஃப்ட் மெக்கானிக்குத் தூக்கம் என்றால் தூக்கம்தான். தலைமாட்டில் இடி விழுந்தாலும் புரண்டு படுப்பார். "கும்பகர்ணனே இவர்கிட்ட பாடம் படிக்கணும்" என்பாள் மனைவி.

ஒரு மதியம், அவர் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் அரை மாடி உயரம் விழுந்து நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த வாரமே, ஒன்பது வருடம் கழித்து, மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

"விடியக்காலையில அரை மணி நேரம் செபம். வாரத்துல ரெண்டு நாள் யாருக்காவது கை உதவி. சின்னதா இருக்கட்டும், ஆனா விட்டுடாதீங்க" என்றார் சாமியார்.

கை உதவி சுலபமாக அமைந்தது. கீழ் வீட்டில் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்து, ஒரு காலை இழுத்து நடக்கும் பழைய தபால்காரர் தனியாக இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு முகச்சவரம் செய்துவிட ஆரம்பித்தார் மெக்கானிக்.

"உன் சாமிக்கு என் தாடி மேல என்னப்பா இவ்வளவு அக்கறை?" என்பார் தபால்காரர், நுரைக்குள்ளிருந்து.

"அவருக்கும் தாடி இருக்கே ஐயா. அந்தக் கஷ்டம் தெரியும்ல."

செபம்தான் நடக்கவில்லை. அலாரம் கத்திக் கத்தி ஓய்ந்தது. எழுந்தது மனைவி மட்டும். கோயிலில் மணி அடித்து மெழுகுவத்தி ஏற்றும் கோயில்பிள்ளையிடம் புலம்பினார்.

"உத்தரிக்கிற ஆத்துமாக்கள்கிட்ட கேளுங்க. செத்தும் மோட்சம் போகாம காத்திருக்கிறவங்க. சொன்ன நேரத்துக்கு எழுப்பி விடுவாங்களாம். எழுந்ததும் அவங்களுக்காக ஒரு செபம் சொல்லணும். பேச்சு மட்டும் மாறக் கூடாது" என்றார் கோயில்பிள்ளை.

அன்று படுக்கும்போது பாதி விளையாட்டாகக் கேட்டுக்கொண்டார். சரியாக ஐந்து மணிக்கு அலமாரிக் கதவில் மூன்று தட்டு. டொக், டொக், டொக். விரல் முட்டியால் தட்டுவதுபோல, மரியாதையாக. மனைவி அசையவில்லை. அவர் எழுந்து முழங்கால் போட்டு, செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபத்தைத் தொடங்கினார்.

லிஃப்டில் ஓர் ஆள் காலெடுத்து வைத்தால் கூண்டின் தரை மயிரிழை அளவு இறங்கும். ஏறுகிறவருக்குத் தெரியாது. இருபது வருடம் அதற்கு மேலும் கீழும் கிடந்த மனிதருக்குத் தெரியும். அன்று இரண்டாம் மாடியில் இருந்த அவர் வீட்டுத் தரை அப்படி இறங்கியது. ஒருமுறை, இன்னொரு முறை, பிறகு வரிசையாக. அறைக்குள் ஆட்கள் ஏறி நிறைவதுபோல் இருந்தது. ஆமென் சொன்னதும் தரை லேசாக மேலே வந்தது, ஒரே ஓர் ஆள் இறங்கிப் போனாற்போல. மற்றவர்கள் நின்றார்கள்.

தினமும் இப்படியே நடந்தது. ஒரு ஞாயிறு, உடம்பு அசதியில், கேட்காததுபோல் படுத்திருந்தார். அலமாரியில் தட்டியது. பிறகு நாற்காலியில். பிறகு கட்டில் காலில். கடைசியில் காதுக்கு அடியில், தலையணைக்குள்ளிருந்து.

"எழுந்துட்டேன்! எழுந்துட்டேன்!"

"யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள் மனைவி.

"கனவு. நீ தூங்கு."

பூசை முடிந்ததும் கோயில்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். "நிஜமாவே தட்டுறாங்க."

கோயில்பிள்ளையின் முகம் வெளுத்தது. "எங்கம்மா சொன்னதைச் சொன்னேன். நான் அலாரம்தான் வச்சுக்கிறேன்."

பயம் இருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. கோபக்காரர்கள் தட்டுகிற தட்டு இல்லை அது. ரொம்ப நாள் வரிசையில் நின்றவர்கள் தட்டுகிற தட்டு.

ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலையில் இருந்தார். கூண்டு மேலே காலியாக, மின்சாரம் துண்டிக்கப்பட்டு நின்றது. அதன் அடித்தகட்டில் மூன்று தட்டு கேட்டது. கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. ஏனென்று தெரியாமலே தபால்காரர் நினைவு வந்தது. போட்டது போட்டபடி வீட்டுக்குக் கிளம்பினார்.

தபால்காரர் விழித்துத்தான் இருந்தார். மூச்சு மட்டும் மேலும் கீழும் இழுத்தது. மெக்கானிக் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"இன்னைக்கு உன் நாள் இல்லையே" என்றார் தபால்காரர்.

"சும்மா வந்தேன் ஐயா."

"பொய் சொல்லாதே. நீ வருவேன்னு அவங்க சொன்னாங்க." கண்கள் சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றின. "காலையிலேருந்து ஒரே கூட்டம். வந்தவங்க யாரும் உட்காரல. யாரு, உன் ஆளுங்களா?"

தரை இறங்கியிருப்பதை மெக்கானிக் அப்போதுதான் உணர்ந்தார். "தெரிஞ்சவங்கதான். பயப்படாதீங்க" என்றார். யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஷேவ் பண்ணி விடு. விருந்தாளிங்க முன்னாடி இப்படியா கிடக்கிறது?"

நுரை தடவி இடது கன்னத்தை முடித்தார். வலது கன்னத்துக்குத் திருப்பும்போது தலை கையில் கனத்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுடுதண்ணீரில் பிளேடை அலசி, மறுபக்கத்தையும் ஒரு கீறல் விழாமல் முடித்து, துண்டால் துடைத்துவிட்டு, முழங்கால் போட்டார். ஆமென் சொன்னபோது தரை மேலே வந்தது. இந்த முறை எல்லோரும் இறங்கினாற்போல, ஒரேயடியாக.

அடக்கம் முடிந்த மறுநாள் தட்டு இல்லை. மணி பார்த்தார், ஐந்து ஐந்து. எழுந்து செபம் சொன்னார். தரை அசையவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியது; ஏனோ வீடு வெறிச்சென்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, கண் ஆபரேஷன் ஆகிக் கட்டுப்போட்டிருந்த ஓர் ஓய்வுபெற்ற நர்ஸுக்குச் செய்தித்தாள் படித்துக்காட்ட ஆள் வேண்டும் என்று கோயில்பிள்ளை சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை தனியாகத்தான் போனார்.

அந்தம்மா கட்டுப்போட்ட முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். "வாங்க. ரெண்டு பேரா வந்தீங்க? நல்லதாப் போச்சு. அவர் கால் கொஞ்சம் இழுக்குது போல. முதல்ல அவரை உட்காரச் சொல்லுங்க."

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். பிறகு செய்தித்தாளை விரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.