தண்ணீர் வைக்க வாங்கிய சாவி

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குச் சமயக் கல்லூரியில் அறவியல் பாடம் நடத்துகிறவள். தண்ணீர் மோட்டார் தகராறோ, மாடிப்படி விளக்குத் தகராறோ, பஞ்சாயத்து கடைசியில் அவள் வாசலுக்குத்தான் வரும். டீச்சர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அவள் வீட்டுக்கு நேர் கீழே பெயிண்டர் குடியிருந்தான். அவனுடைய நாய் எப்போதும் பால்கனியில் கட்டிக் கிடந்தது. சங்கிலி ஒரு முழத்துக்கு மேல் இருக்காது. கழுத்தில் தோல் உரிந்து, பட்டை பதிந்த இடம் சீழ் வைத்திருந்தது. பெயிண்டர் வெளியூர் வேலைக்குக் கிளம்பினால் ஒரு சட்டித் தீனி, ஒரு சட்டித் தண்ணீர் வைத்துவிட்டுப் போவான். திரும்பி வர நாலைந்து நாளாகும்.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அது என் நாய் டீச்சர். நீங்க ஏன் மண்டைய உடைச்சிக்கிறீங்க?" என்று சிரித்தான் அவன்.

நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தாள். வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள், அதோடு சரி.

அந்த வாரம் பெயிண்டர் போன மூன்றாம் நாள் நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. டீச்சர் தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. எல்லா வீட்டு மாற்றுச் சாவியும் வைத்திருக்கும் வாட்ச்மேனிடம் விறுவிறுவென்று போனாள்.

"அண்ணே, கீழ் வீட்டுச் சாவியக் கொஞ்சம் குடுங்க. நாய்க்குத் தண்ணி வைக்கணும்."

"நீங்க கேட்டா இல்லேன்னா சொல்லப்போறேன்?" என்று எடுத்து நீட்டினார்.

தண்ணீர் வைக்கத்தான் போனாள். அது மட்டும் சத்தியம். ஆனால் நாய் குடித்து முடித்து அவள் கையில் தலையைச் சாய்த்ததும், விரல்கள் தாமாகவே சங்கிலியைக் கழற்றின. வாட்ச்மேன் மோட்டார் போடப் பின்பக்கம் போயிருந்த நேரம். நாயைப் போர்வையில் சுற்றி, வாடகை வண்டியில் போட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். திரும்பியதும் சாவியைக் கொடுத்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெயிண்டர் வந்து ஊரையே கூட்டினான். சாவி யாரிடம் இருந்தது? வாட்ச்மேனிடம். அவர் யாரிடம் கொடுத்தார்? டீச்சரிடம். கட்டடத்துச் சங்கச் செயலாளர் கும்பலோடு மேலே வந்தார்.

"நான் தண்ணி வச்சேன், பூட்டினேன், சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன். நாய் அங்கதான் இருந்துச்சு" என்றாள் டீச்சர். குரல் இம்மியும் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. எல்லோரும் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்கள். நாயை விற்றுத் தின்றுவிட்டார் என்று பெயிண்டர் கத்தினான். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றார் செயலாளர்.

வாட்ச்மேன் அழவில்லை, சண்டை போடவில்லை. கும்பல் கலைந்த பிறகு டீச்சர் வாசலில் தயங்கி நின்றார். "டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க. அப்ப நான்தான் எங்கயோ கவனிக்காம விட்டிருக்கேன். வயசாயிடுச்சுல்ல?" என்றார்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை வகுப்பு. கரும்பலகையில் மூன்று வழிகளை எழுதினாள். கட்டளை வழி: களவு களவுதான், பொய் பொய்தான், விலக்கே கிடையாது. அன்பு வழி: எதில் அன்பு அதிகமோ அதுவே சரி. குண வழி: செய்யச் செய்ய நீ எப்படிப்பட்ட ஆளாகிறாய் என்று பார். விலங்கு மனிதனின் உபயோகத்துக்கே படைக்கப்பட்டது என்று வாதிட்டவர்களையும் சொன்னாள்.

நர்ஸ் வேலை பார்க்கும் மாணவி கேட்டாள். "சாகப்போற ஒரு ஜீவன அன்பால திருடினா சரி, அப்படித்தானே மேடம்? அப்புறம் அத மறைக்கப் பொய் சொன்னா? அதுவும் அன்புக் கணக்குலயே சேருமா?"

திருட்டுக்கு டீச்சரிடம் பதில் இருந்தது. கடவுள் முன்னாலும் அதைச் சொல்வாள். பொய்யோ நாயைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதே இல்லை. டீச்சர் என்ற பேரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. அதன் பாரத்தை இன்னொருவர் சுமக்கிறார்.

"இன்னைக்கு இது போதும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

நேரே பெயிண்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். செயலாளரையும் வாட்ச்மேனையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நாயத் திருடினது நான். நேத்து சொன்னது பொய். அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. எழுதியும் தர்றேன்."

பெயிண்டருக்கு முகம் சிவந்தது. "நாயக் கொண்டாங்க!"

"போலீசுக்குப் போங்க தம்பி. என்ன தண்டனையோ வாங்கிக்கிறேன். நாய மட்டும் தரமாட்டேன்."

அவன் போலீசுக்கும் போனான், கல்லூரிக்கும் போனான். கல்லூரி முதல்வர் விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று கடிதம் கொடுத்தார். போலீஸ் ஆய்வாளர் தங்கை வீட்டுக்குப் போய் நாயின் கழுத்தைப் பார்த்தார். புகார் கொடுத்தவன்மேலேயே வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். வாட்ச்மேனுக்கு வேலை நிலைத்தது. ஆனால் டீச்சர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் குனிந்து பதிவேட்டில் எதையோ எழுதுவார். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். "சரிங்க" என்றார், அவ்வளவுதான்.

பேசி முடிக்கப் பெயிண்டர் தங்கை வீட்டுக்கு வந்தான். டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு, பேச வேண்டிய வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நாய் அவனைப் பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து ஓடியது. ஊளையிட்டு, வாலை அடித்து, அவன் முகத்தை நக்கித் தீர்த்தது. கழுத்துப் புண்ணுக்குப் போட்டிருந்த கட்டு அவிழ்ந்து தொங்கியது.

பெயிண்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். புண்ணைத் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். "இவ்ளோ ஆழமா இருக்கும்னு நெனைக்கல" என்றான், யாரையும் பார்க்காமல்.

டீச்சர் கட்டியிருந்த கைகளைக் கீழே இறக்கினாள். இந்த நாயைக் கேட்டிருந்தால் அது யாரோடு போயிருக்கும்?

"இங்கயே இருக்கட்டும்" என்று எழுந்தான் அவன். "ஞாயித்துக்கிழமைல வந்து பாத்துக்கலாமா?"

தங்கைதான் "வாங்க" என்றாள். அவன் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் நாய் கேட்டைப் பிராண்டிக்கொண்டே இருந்தது.