நெய்யில் பொரித்த முட்டை

ரஹ்மத்துன்னிசாவின் பித்தப்பை சுருங்கவில்லை. ஈரம் சொட்டும் இரண்டாவது எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாப்பிடுவதற்கு முன் எடுத்த படத்தில் இருந்த அதே நிழல், சாப்பிட்ட பிறகும் அதே அளவில்.

"கல் இல்லை. ஆனால் பை வேலை செய்யவில்லை. மெயின்லேண்ட் ஜானா படேகா" என்றார். தீவை விட்டு மெட்ராஸுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். அடுத்த கப்பலுக்கே எழுதித் தருவாராம்.

ரஹ்மத்துன்னிசா குடும்பம் ஷாதிபூரில் எங்களுக்கு அடுத்த வீடு. அந்த ஆஸ்பத்திரி லேபில் நான் புதிதாகச் சேர்ந்திருந்ததால் துணைக்கு நின்றேன். ரஹ்மத்துன்னிசா என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு வயசுப் புள்ளைய விட்டுட்டு எப்படிக் கப்பல் ஏறுவேன், இந்திராணி?"

"அழாதிய மைனி, நான் பாத்துக்கிறேன்" என்று டிபன் கேரியரை மூடப்போனாள் அவள் நாத்தனார் மெஹர்பானு. உள்ளே வெள்ளைக்கருத் துண்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

"மஞ்சக்கரு எங்கே?" என்றேன். நெய்யில் பொரித்த முட்டை கொண்டுவரத்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதைக் குடுப்பேனா? நெய் பட்டாலே மைனி வயித்தப் புடிச்சிக்கிட்டு உருளுவாக. வெள்ளைக்கருவ மட்டும் அவிச்சு, கஞ்சியோட குடுத்தேன். எங்க வீட்டு வயிறு டாக்டருக்கு என்ன தெரியும்?"

கொழுப்பு சிறுகுடலைத் தொட்டால்தான் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். அது வந்து சேர்ந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கும். இங்கே அதைக் கிளப்பிவிட எதுவுமே உள்ளே போகவில்லை.

டாக்டர் எழுத உட்கார்ந்துவிட்டார். "சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"சார், அவங்க கொழுப்பே சாப்பிடலை."

அவர் டிபனை எட்டிப் பார்த்தார். பேனாவை மூடினார். "அரே பாபா! நெய் மங்காவோ!"

மெஹர்பானு எதிர்க் கடைக்கு ஓடி, நெய் மினுங்கும் ஆம்லெட்டுடன் திரும்பினாள். ரஹ்மத்துன்னிசா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வலிச்சா என்ன செய்வேன்?" என்றாள்.

"வலிக்கலாம். நான் இங்கேயே இருக்கேன்" என்றேன்.

கண்ணை மூடி விழுங்கினாள். காத்திருந்தோம். வயிற்றில் கை வைத்து ஒருமுறை முனகினாள், அவ்வளவுதான்.

மூன்றாவது படத்தில் நிழல் பாதிக்கும் கீழே ஒடுங்கியிருந்தது. அறுவை வேண்டாம், வலி இரைப்பையிலிருந்து வரலாம், அதற்கு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

"அப்ப இத்தன மாசமா நான் எண்ணெயில்லாம ஆக்கிப் போட்டதெல்லாம் வீணா?" என்றாள் மெஹர்பானு.

"அதத் தின்ன எனக்குல்ல அந்த ருசி தெரியும்" என்றாள் ரஹ்மத்துன்னிசா. "எந்திரி, புள்ள தேடும்."